எல்லா ஷீட்டும் ஒன்றாம் நம்பர் ஆக வேண்டாம்: வேலையில் கச்சிதப் பித்திலிருந்து வெளியே வர ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்தின் 20-ஆம் தேதி வந்தால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி ஜுரம் வரும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டுகிற வியாபாரிகள் 3பி படிவம் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு 20-ஆம் தேதி மாலை, நாகர்கோவில் கோட்டாற்றில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு மரக்கடையின் கணக்கில் மூன்று ரூபாய் இடித்தது. எங்கள் கொள்முதல் பேரேட்டுக்கும் விற்றவர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்து இணையத்தில் வந்த 2பி பட்டியலுக்கும் மூன்றே ரூபாய் வித்தியாசம். யாரோ பில் போடும்போது பைசாவை முழு ரூபாயாக்கியிருப்பார்கள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் மனம் விடவில்லை. நூற்றுச் சொச்சம் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். வாட்ச்மேன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அந்த மூன்று ரூபாயைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது நள்ளிரவு தாண்டி தேதி 21 ஆகியிருந்தது.

ஒரு நாள் தாமதத்துக்கு மத்திய வரியில் 25, மாநில வரியில் 25 என்று 50 ரூபாய் கட்டணம். அடுத்த மாதப் படிவத்தில் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் வட்டி தனி. கடைக்காரர் கோபப்படவில்லை. "அக்கா, அந்த மூன்று ரூபாயை நானே தந்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் சொன்ன விதம்தான் உள்ளே போய்க் குத்தியது. இந்த வழிகாட்டியில் உள்ளவை அதற்குப் பிறகு நான் படித்தவையும் செய்து பார்த்தவையும். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் எது என்பதைக் கடைசிப் படியில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் இருக்கிறவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

ஒழுங்கு எங்கே முடிகிறது, பித்து எங்கே தொடங்குகிறது

ஆங்கிலத்தில் பெர்ஃபெக்‌ஷனிசம் என்கிறார்கள். தமிழில் பூரணத்துவம், முழுமைவாதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டு சொல்லும் காதுக்குப் பாராட்டுப் போலவே விழுகின்றன, நேர்முகத் தேர்வில் "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால் பெருமையோடு சொல்லிக்கொள்கிற பலவீனம் இது ஒன்றுதான். அதனால் நான் கச்சிதப் பித்து என்றே சொல்கிறேன்.

2002-இல் ராஸ் ஷஃப்ரான், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்குக் கொடுத்த விளக்கத்தைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: தனக்குத் தானே விதித்துக்கொண்ட கடுமையான அளவுகோலை எட்டினால்தான் தனக்கு மதிப்பு என்று ஒருவர் நினைக்கிறார், அந்த அளவுகோலால் கேடு வந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் அதை விட முடிவதில்லை. "கேடு தெரிந்தும்" என்ற இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நல்ல தச்சர் கதவு சரியாகப் பொருந்தியதும் உளியைக் கீழே வைத்துவிடுவார். பித்துப் பிடித்தவர் பயம் அடங்கியதும் வைக்கலாம் என்று காத்திருப்பார். பயம் அடங்காது.

கனடாவைச் சேர்ந்த பால் ஹெவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் 1991-இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. "ஊர் என்னிடம் குறையில்லாமையை எதிர்பார்க்கிறது, தவறினால் மதிக்காது" என்று நம்புவது மூன்றாவது. தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் 41,641 கல்லூரி மாணவர்களின் விடைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 1989-க்கும் 2016-க்கும் இடையில் மிக அதிகமாக ஏறியிருந்தது இந்த மூன்றாவது வகைதான்: 33 சதவீதம்.

அது வெளிநாட்டுக் கணக்கு. ஆனால் மூன்றாவது வகையைப் படித்தபோது எனக்கு நம்முடைய வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். பெருமைதான். அதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. பத்து சென்ட் நிலத்தில் வீடும் நான்கு தென்னையுமாக இருக்கிற குடும்பத்தில் மார்க்ஷீட்தான் ஆதாரப் பத்திரம். பரீட்சை முடிவு வந்த அன்று தேவாலயத்துக்குப் போனாலும் கோவிலுக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான். 1990-இல் ராண்டி ஃப்ராஸ்ட் குழுவினர் இந்தப் பித்தை அளக்க உருவாக்கிய கேள்வித்தாளில் பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் விமர்சனம் என்ற இரண்டும் தனித்தனி அம்சங்களாகவே இடம்பெற்றன. நமக்கு அதோடு பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் ஸார் என்று இன்னும் நான்கைந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு இருக்கிறதா என்று அறிய நீண்ட கேள்வித்தாள் தேவையில்லை. நேற்று முடித்த ஒரு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது நன்றாக வந்ததில் மகிழ்ச்சி வந்ததா, தப்பித்தோம் என்ற நிம்மதி மட்டும் வந்ததா? நிம்மதி மட்டும்தான் என்றால் மேலே படியுங்கள்.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம், ஒரு வாரம் குறித்து மட்டும் வையுங்கள். என்ன வேலை, எவ்வளவு நேரத்தில் முடியும் என்று நினைத்தீர்கள், எவ்வளவு ஆனது, எத்தனை முறை திரும்பப் பார்த்தீர்கள், அப்படிப் பார்த்ததில் என்ன அகப்பட்டது. இவ்வளவுதான். அளவுகோல் வைத்துக் கட்டம் போடத் தொடங்கினால் அதையும் ஒரு வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஒரு புதன்கிழமை இப்படி இருக்கிறது: "வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப். நினைத்தது 1 நிமிடம். ஆனது 18." வெள்ளிக்கிழமைக்குள் பில்களை அனுப்பச் சொல்ல வேண்டும், அதற்கு 18 நிமிடம். முதலில் "அனுப்பவும்" என்று எழுதினேன். அதட்டலாகத் தெரிந்தது. "அனுப்பி உதவவும்" என்று மாற்றினேன். கெஞ்சலாகத் தெரிந்தது. "அனுப்பி வைக்கவும்" ஆனது. பிறகு மழைக்காலம், உடல்நலம் என்று இரண்டு வாக்கியம் சேர்த்தேன், வெட்டினேன், மறுபடி "அனுப்பவும்" என்றே போட்டு அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

வாரக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்ததில் இரண்டாவது பார்வையில் நான்கு தவறுகள் அகப்பட்டிருந்தன. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பார்வைகளில் ஒன்றுகூட இல்லை. இரண்டோடு நிறுத்தியிருந்தால் எத்தனை மணி நேரம் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த ஒரு கணக்கை மட்டும் சரிபார்க்க மனம் வரவில்லை.

படி 2: வேலையைத் தரம் பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் எனக்கு மாற்றம் இங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருந்தது. பால் வெட்டு அவரே. விடியும் முன்பு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். முந்தைய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை இழையாக உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தியை வைத்து இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பு. பட்டையில் ஒரு மெல்லிய சீவல் சுருண்டு விழும், வெள்ளை வரி ஊறும், சிரட்டையில் சொட்டத் தொடங்கும். கத்தி இறங்கும் ஆழத்தில் அவர் சமரசமே செய்யமாட்டார். பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கிற இளம் படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கத்தி நிற்க வேண்டும். மேலோடு நின்றால் பால் குறையும். உள்ளே பட்டால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அந்த இடத்தில் திரும்ப வெட்ட முடியாது.

ஆனால் வெட்டின கோட்டைத் தள்ளி நின்று ரசித்து, இன்னும் கொஞ்சம் நேராக்கலாமா என்று அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும். அடுத்த மரம் காத்திருக்கிறது.

பாலைக் கொண்டுவந்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் அழுத்திப் புகையில் காய வைத்தால் ஷீட். கடையில் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்: குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று. அதை வைத்துத் தரம்: 1எக்ஸ், 1, 2, 3, 4, 5. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அப்பாவிடம், நம்முடைய ஷீட்டையெல்லாம் ஒன்றாம் நம்பர் ஆக்கினால் என்ன என்று கேட்டேன். "நாலாம் நம்பர் போதும் மக்கா. டயருக்குள் போகிற ஷீட்டுக்கு யார் முகம் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். அவர் சோம்பேறித்தனத்தில் சொன்னதல்ல. டயர் கம்பெனிகள் பெருமளவு வாங்குவது ஆர்.எஸ்.எஸ்-4 எனப்படும் இந்த நாலாம் நம்பர் புகை ஷீட்தான், கோட்டயத்திலிருந்து ரப்பர் வாரியம் தினமும் அறிவிக்கிற விலைகளில் முதலில் எல்லோரும் பார்ப்பதும் அதைத்தான். மரத்தில் உறைந்து ஒட்டியிருந்ததை உரித்தாரே, அந்த ஒட்டுப்பாலுக்கும் ஒரு விலை உண்டு. அவர் அதைத் தூர எறிந்ததில்லை.

ஹெர்பர்ட் சைமன் 1956-இல் இதையே பொருளாதாரத்தின் மொழியில் சொன்னார்: மனிதருக்கு இருக்கிற நேரத்திலும் அறிவிலும் ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்க முடியாது, போதுமானது கிடைத்ததும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை என்று. 1978-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்கு ரப்பர் விலைதான் கிடைத்தது, அதுவும் சில ஆண்டுகளில் சரியாக இல்லை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். முந்தைய படியின் நோட்டை எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்.

"ஒ" என்றால் ஒன்றாம் நம்பர். தவறினால் திருத்த முடியாதது, அல்லது அடுத்தவர் உயிருக்கோ பணத்துக்கோ சேதம் வருவது. மருந்தின் அளவு, மின்இணைப்பு, வங்கிக் கணக்கு எண், கையெழுத்திட்டு வெளியே போகிற ஆவணம். பால் வெட்டும் கத்தியின் ஆழம் இந்த வகை.

"நா" என்றால் நாலாம் நம்பர். சரியாக இருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டியதில்லை. தவறு வந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். மாத அறிக்கை, பாடக்குறிப்பு, கூட்டத்துக்கான ஸ்லைடு, பெரும்பாலான மின்னஞ்சல்கள்.

"ஒட்டு" என்றால் ஒட்டுப்பால். வாட்ஸ்அப் நினைவூட்டல், உங்களுக்கு மட்டுமான குறிப்பு, பக்கத்து மேசைக்குப் போகிற துண்டுச்சீட்டு. புரிந்தால் போதும்.

எல்லா வேலைக்கும் "ஒ" போடத்தான் கை போகும். ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: "இதில் ஒரு சிறு பிழை இருந்தால் அடுத்த மாதம் இதே நாளில் யாருக்காவது நினைவிருக்குமா?" இல்லை என்றால் அது "ஒ" கிடையாது. என் பட்டியலில் பத்தில் இரண்டு வேலைகூட "ஒ"-வில் தேறவில்லை. செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் இந்த விகிதம் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் மருந்தின் அளவை இரண்டு முறை பார்க்கிற செவிலியர், பணி மாறும்போது எழுதும் குறிப்பின் கையெழுத்துக்காக அதைக் கிழித்துத் திரும்ப எழுதினால் அங்கே "ஒட்டு" வேலை "ஒ"-வின் நேரத்தைத் தின்கிறது.

படி 3: தொடங்கும் முன்பே முடிவை எழுதுங்கள்

வேலையில் இறங்கிய பிறகு எது போதும் என்று தீர்மானிக்க முடியாது. அப்போது பயம்தான் தீர்மானிக்கும். எனவே தொடங்கும் முன்பே ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு கோப்பின் மேலும் பென்சிலால் எழுதுகிறேன்: "10 ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் குறிப்பெழுதி விட்டுவிடு. மாலை 5 மணி." வேலையின் தரமும் நிறுத்தும் நேரமும் அதிலேயே இருக்கின்றன.

சரிபார்ப்புக்கும் இதே கதி. "ஒட்டு" வேலைக்குச் சரிபார்ப்பே இல்லை. "நா" வேலைக்கு ஒரு முறை. "ஒ" வேலைக்கு உங்கள் கண்ணால் ஒரு முறை, வேறொருவர் கண்ணால் ஒரு முறை. இன்சுலின் போன்ற மருந்துகளைப் பல மருத்துவமனைகளில் இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகச் சரிபார்ப்பது இதற்காகத்தான். எழுதின கண்ணுக்குத் தன் பிழை தெரியாது, அது ஐந்து முறை பார்த்தாலும்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இன்னொரு வினையும் இருக்கிறது. நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் இருவரும் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதைப் பலமுறை திறந்து மூடிச் சரிபார்க்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குக் கடைசியாக எந்தக் குமிழை மூடினோம் என்பது சரியாகத்தான் நினைவிருந்தது. ஆனால் தன் நினைவின் மேலிருந்த நம்பிக்கை சரிந்திருந்தது. காட்சி மங்கலாகத் தெரிந்தது. உறுதி வேண்டும் என்று பார்க்கப் பார்க்க உறுதி குறைகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்து, கேஸ் மூடினோமா என்று திரும்பி நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 4: திருஷ்டிப் பொட்டு வையுங்கள்

இது கொஞ்சம் நெஞ்சு படபடக்கிற படி. குழந்தைக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு முடித்ததும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அழகில் ஒரு குறையை நாமே வைத்துவிடுகிறோம். அதையே வேலையில் செய்ய வேண்டும்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. கச்சிதப் பித்துக்கு உளவியலாளர்கள் பெரும்பாலும் கைக்கொள்வது இதுதான். பயத்தோடு வாதாடுவதை விட அதைச் சோதித்துப் பார்ப்பது மேல் என்பது அதன் ஒரு முக்கியமான வழி. நோட்டில் முதலில் பயத்தை எழுதுங்கள்: "எக்செல் தாளில் தலைப்புக்கு வண்ணம் போடாமல் அனுப்பினால் மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார்." எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு ஒரு எண்ணும் போடுங்கள். அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

"ஒட்டு" வேலையில் தொடங்கி "நா" வேலைக்கு வாருங்கள். "ஒ" பக்கமே போகக் கூடாது. மருந்துச் சீட்டில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறவரை யாரும் மன்னிக்கமாட்டார்கள். திரும்பப் படிக்காமல் ஒரு செய்தி அனுப்பலாம். கூட்டத்தில் "எனக்கு இது தெரியவில்லை" என்று ஒரு முறை சொல்லலாம். மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் நீங்களும் கிளம்பலாம். இது எழுதுவதற்கு எளிது, செய்து பாருங்கள். நான் இரண்டு வாரத்தில் 11 பொட்டு வைத்தேன். ஒன்றுதான் கண்ணில் பட்டது. "என்ன அக்கா, இன்றைக்குத் தேதி போடவில்லையே" என்று கேட்டுவிட்டு அந்தப் பையனே போட்டுக்கொண்டான்.

முதல் மூன்று நான்கு முறை பயம் கூடத்தான் செய்யும். இரவில் எழுந்து அனுப்பியதைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறந்து பார்த்தால் சோதனை கெட்டுவிடும். போனை வேறு அறையில் வையுங்கள்.

படி 5: தொடங்கவே முடியாதவர்களுக்கு

நாள் முழுக்க உழைக்கிறவர்களுக்கு மட்டுமே இந்தப் பித்து வரும் என்று நினைக்க வேண்டாம். வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிற பலரும் இதே கூட்டம்தான். மனதில் இருக்கும் வேலை குறையே இல்லாதது; கை வைத்தால் குறை வந்துவிடும்; அதனால் கை வைப்பதில்லை. வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர்.

என் தோழி ஒருத்தி திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள், தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயில். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத அவளுக்கு முன்பெல்லாம் பாதி நாள் போகும். இப்போது அவளுக்கு ஒரு விதி: இரணியல் தாண்டியதும் எழுதத் தொடங்குவாள், குழித்துறையில் அனுப்பிவிடுவாள். உட்கார இடம் கிடைக்காத நாளிலும் நின்றுகொண்டே ஒரு கையால் தட்டச்சு. ஸ்டேஷன் அவளுக்காகக் காத்திருக்காது, அதுதான் இதன் பலம். ரயிலில் போகாதவர்கள் போனில் 25 நிமிட அலாரம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு சுவையாக இருக்காது.

வரைவின் மேலே பெரிதாக "கரட்டு வரைவு" என்று எழுதிவிட்டுத் தொடங்குவதும் உதவுகிறது. பெயரே கரடு என்று ஆன பிறகு அதில் கல் இருந்தால் என்ன?

படி 6: மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும்

சில இடங்களில் பயம் உங்கள் மனதில் மட்டும் இல்லை, மேலாளரின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைக்கு எல்லோர் முன்னாலும் திட்டுகிற அலுவலகத்தில் இருந்துகொண்டு உங்கள் மனதை மட்டும் திருத்திப் பயனில்லை. அங்கே செய்யக்கூடியது, வேலை வரும்போதே தரத்தைக் கேட்டு வாங்குவது. "ஸார், இது நமக்குள் பார்க்கிறதா, தலைமை அலுவலகத்துக்குப் போகிறதா? எப்போது வேண்டும்?" பலரும் பதில் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதுவரை அந்த யோசனை வந்திருக்காது. "எல்லாமே மிக முக்கியம்" என்று சொல்கிறவரிடம் இரண்டு வேலைகளைக் காட்டி, "இன்றைக்கு ஒன்றுதான் முடியும், எதை ஸார்?" என்று கேளுங்கள். அதற்கும் கத்துகிறவர் என்றால் வேறு வேலை தேடுவது கோழைத்தனம் ஆகாது.

கீழே இருப்பவரிடம் நாம் செய்வதை நாம் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய கணக்கை அவள் போன பிறகு உட்கார்ந்து முழுக்கத் திருத்தி எழுதியவள் நான். அவள் வேலை கற்றுக்கொள்ளவில்லை, நான் தூங்கவில்லை, அவளுக்கு என்னைப் பிடிக்கவும் இல்லை. இப்போது தவறு இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். "நான் செய்கிற மாதிரி இல்லை" என்பது தவறு இல்லை என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

படி 7: வீட்டையும் தரம் பிரியுங்கள்

அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கச்சிதமாக இருந்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கிறது. தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ முந்திரிக்கொத்து வீட்டிலேயே செய்தாக வேண்டும். பயறு வறுத்து, திரித்து, தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து, மூன்று மூன்றாக உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து. (வெளியூர்க்காரர்களுக்கு: அதில் முந்திரி கிடையாது.) பாகு கொஞ்சம் முற்றினால் பல் உடையும், பதம் குறைந்தால் உதிரும். இரண்டு வருடம் முன்பு நான் கடையில் வாங்கித் தட்டில் வைத்தேன். மாமியார் ஒன்றைக் கடித்தார், இன்னொன்றையும் எடுத்தார். "எங்கே மக்கா வாங்கினாய்?" என்று கேட்டார். ஆறு மணி நேரம் மிச்சம்.

ஆண்களுக்கும் இது உண்டு, பெரும்பாலும் புது வீட்டு டைல்ஸ் விஷயத்தில்.

படி 8: தவறு நடந்த நாளில்

என்ன செய்தாலும் ஒரு நாள் நிஜமாகவே தவறு நடக்கும். அன்றைக்கு என்ன செய்வது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள், அன்றைக்கு மூளை வேலை செய்யாது. என் சீட்டில் இருப்பது: ஒரு மணி நேரத்துக்குள் உரியவரிடம் சொல். என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறாய், எப்போது முடியும் என்று மூன்று வாக்கியம். மன்னிப்பு ஒரு முறை. மூன்று முறை மன்னிப்புக் கேட்டால் எதிரில் இருப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பிறகு திருத்து. பிறகு சாப்பிடு.

உங்களுக்குள்ளேயே ஓடுகிற பேச்சையும் கவனியுங்கள். இதே தவறைப் பக்கத்து மேசைக்காரர் செய்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ அதை உங்களிடம் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவருகிற தற்பரிவு (தன்னிடமே பரிவு காட்டுவது) என்ற கருத்தின் சாரம் இதுதான். "போகட்டும் விடுங்கள்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நாம் நமக்கு மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

படி 9: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால். சரிபார்ப்பதிலும் கழுவுவதிலும் அடுக்குவதிலும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால். அது எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம், அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைவு ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய இலவச மனநலச் சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. நேரில் பார்க்க நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தலைவலிக்குக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பொய்யும் இல்லை, தலைதான் வலிக்கிறது.

போகும்போது முதல் படியில் எழுதிய அந்த நோட்டை எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும். முந்தைய நாள் இரவு உட்கார்ந்து அதை நல்ல கையெழுத்தில் திருத்தி எழுதிக் கொண்டுபோக வேண்டாம்.